காப்பருக்காக எரியும் வயர்: கரும்புகை நிற்காதது ஏன்?

சென்னை,

பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிய ஆரம்பிக்கும் நேரம். வடசென்னையில் ரெயில் பாதை ஓரத்திலோ, கால்வாய்க் கரையிலோ ஒரு மூலையில் கரும்புகை கிளம்பும். கிட்டே போனால் மூக்கு எரியும். கண்ணில் தண்ணீர் கொட்டும்.

யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்துவார்கள். எரிவது டயர் அல்ல, வயர்!

நெருப்புக்கு நடுவே பச்சை நிறத்தில் சுடர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். காப்பரும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும்போது வரும் நிறம் அது. வேடிக்கை பார்க்கிற சின்னப் பிள்ளைக்கு மத்தாப்பு மாதிரிதான் இருக்கும்.

கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை பகுதி மக்கள் இந்தப் புகையைப் பற்றி பல வருடமாக புகார் சொல்லி வருகிறார்கள். புகார் போய் ஆள் வருவதற்குள் குவியல் அணைந்து விடும். கம்பி காயலான் கடை தராசில் ஏறியிருக்கும். அடுத்த முறை வேறு மூலையில் கொளுத்துவார்கள்.

எரிக்கிறவர்களுக்கு இது கெடுதல் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். அந்தப் புகையில் முதலில் இருமுவதே அவர்கள்தான். அப்புறம் ஏன் எரிக்கிறார்கள்?

விஷயம் வயரின் கனத்தில் இருக்கிறது.

ஒரு காயிலில் முக்கால் கிலோவுக்கு மேல்!

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்துக் கொள்வோம். உள்ளே 0.3 மில்லி கனத்தில் 14 இழை முறுக்கி இருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 9 கிராம் காப்பர். கடையில் விற்கும் 90 மீட்டர் காயில் ஒன்றில் 800 கிராம் வந்துவிடும்.

மேலே இருக்கும் பி.வி.சி. உறை மீட்டருக்கு 6 கிராம் அளவு. அதாவது ஒரு கிலோ பழைய வீட்டு வயர் கையில் கிடைத்தால், அதில் சுமார் 600 கிராம் காப்பர், 400 கிராம் பிளாஸ்டிக்.

இந்த 600 கிராமுக்குத்தான் இத்தனை அமளி.

2001-ம் ஆண்டில் லண்டன் உலோகச் சந்தையில் காப்பர் ஒரு டன் சராசரியாக 1,600 டாலரைக்கூட தொடவில்லை. அன்றைய டாலர் மதிப்பில் கிலோ ரூ.75 அளவு. 2024 மே மாதம் டன் 11 ஆயிரம் டாலரைத் தாண்டியது. கிலோ ரூ.900-க்கு மேல்! 2025 அக்டோபரில் அந்த உச்சத்தையும் தாண்டி ஏறியது.

மின்சார கார், சோலார் பேனல், டேட்டா சென்டர் என்று எதைத் தொட்டாலும் காப்பர் வேண்டும். தூத்துக்குடியில் வருடத்துக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட ஸ்டெர்லைட் ஆலை, 13 பேரை பலி கொண்ட துப்பாக்கி சூட்டுக்குப் பிறகு 2018 மே மாதம் மூடப்பட்டது. காப்பரை ஏற்றுமதி செய்து கொண்டிருந்த இந்தியா, அதன்பிறகு இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. ஆலையை மூடியது சரியே என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. குஜராத் முந்த்ராவில் புது ஆலை 2024 மார்ச்சில் ஓட ஆரம்பித்தாலும் தேவை அதைவிட வேகமாக ஓடுகிறது.

ஆக, குப்பையில் கிடக்கும் ஒரு முழ வயர்கூட இன்றைக்கு காசு. குப்பை பொறுக்குகிறவர் அதை விட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. விடவும் கூடாது. பூமியைத் தோண்டி, கல்லை உடைத்து, உருக்கி எடுக்க வேண்டிய உலோகம் தெருவிலேயே கிடைக்கிறது. உருக்கினால் மறுபடி புதுசுதான். காப்பரை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் போவதில்லை.

தடி வயர் உரிபடும், மெல்லிசு வயர் எரிபடும்

காயலான் கடைக்கு வரும் வயர் எல்லாம் ஒரே ஜாதி அல்ல.

கட்டிடம் இடிக்கும் இடத்தில் இருந்து வருவது வீட்டு வயர். தொழிற்சாலையில் இருந்து வருவது கை விரல் தடிமன் கேபிள். புதுப்பேட்டையில் வண்டி உடைத்தால் வருவது வயரிங் செட். ரிச்சி தெரு பக்கம் இருந்து வருவது கம்ப்யூட்டர் வயர், சார்ஜர் வயர், இயர்போன் வயர்.

தடி கேபிளை யாரும் எரிப்பதில்லை. ஒரு பிளேடு போதும். நீளவாக்கில் ஒரு கோடு போட்டு இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி உறை வந்துவிடும். பளபளவென்று கம்பி கையில். இதற்கு மோட்டார் வைத்த உரிக்கும் மெஷினும் உண்டு. வயரை ஒரு ஓட்டையில் விட்டால் உருளை இழுத்துக் கொள்ளும், கத்தி கீறிவிடும்.

வீட்டு வயர் இரண்டும் கெட்டான். பொறுமை இருந்தால் உரிக்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்து விரல் நுனியை அறுத்துக் கொண்டு உரித்தால் சில கிலோ தேறும்.

சார்ஜர் வயரில் அதுவும் நடக்காது. ரப்பர் மாதிரி உறைக்குள் நாலு குட்டி வயர். ஒவ்வொன்றுக்கும் தனி உறை. அதற்குள் தலைமுடி போல இழை. ஒரு மீட்டருக்கு சில கிராம்தான் காப்பர். மீதி எல்லாம் பிளாஸ்டிக். பிளேடு வைத்தால் இழையே அறுந்துவிடும். இதை உரிக்க உட்கார்ந்தால் அன்றைய கூலியில் டீ செலவுகூட தேறாது.

ஒரு மூட்டை மெல்லிசு வயரை என்ன செய்வது? மண்ணெண்ணெயோ, பழைய ஆயிலோ ஊற்றி ஒரு தீக்குச்சி. கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது!

கத்தி போகாத வயர்தான் நெருப்புக்குப் போகிறது. போலீஸ் ரெய்டு, விழிப்புணர்வு பேரணி என்று என்ன செய்தாலும் புகை திரும்பி வருவதற்கு காரணம் இதுதான்.

'சுட்டதா? உரிச்சதா?'

கம்பியை எடுத்துப் போனதும் காயலான் கடைக்காரர் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். உரித்த கம்பி செக்கச் செவேல் என்று இருக்கும். சுட்ட கம்பி கறுத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். உரிச்ச விலை வேறு, சுட்ட விலை வேறு.

இது உள்ளூர் கடைக்காரரின் கெடுபிடி மட்டும் அல்ல. உலக அளவில் பழைய உலோக வியாபாரத்துக்கு என்றே ரகம் பிரித்து ரகசியக் குறி மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். உறை உரித்த சுத்தமான முதல் ரக கம்பிக்கு 'பார்லி' என்று பெயர். அடுத்தது 'பெர்ரி'. அதற்கும் அடுத்த ரகம் 'பிர்ச்'. உறையோடு வரும் வயருக்கு 'ட்ரூயிட்'. எரித்து உதிரும் கம்பி இருந்தால் பெர்ரியிலும் சேர்க்க மாட்டார்கள், பிர்ச்சிலும் சேர்க்க மாட்டார்கள்.

காப்பர் உருக 1,085 டிகிரி சூடு வேண்டும். குப்பை நெருப்பில் அது உருகாது. ஆனால் மெல்லிசு இழையின் மேல் பாகம் காற்றோடு சேர்ந்து கருப்புச் செதிலாகிவிடும். இழை எவ்வளவு மெல்லிசோ, நஷ்டம் அவ்வளவு அதிகம். உதிர்ந்த செதில் சாம்பலோடு போய்விடும்.

400 கிராம் பிளாஸ்டிக்கும் புகையாகப் போனது. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. மலிவு விலை நெட்வொர்க் கேபிள், இயர்போன் வயர் பலவற்றில் இருப்பது காப்பரே அல்ல. அலுமினியக் கம்பிக்கு மேலே காப்பர் பூச்சு! கஷ்டப்பட்டு எரித்து எடுத்துப் போனால், கடைக்காரர் அரம் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். உள்ளே வெள்ளை தெரிந்தால் மூஞ்சி சுளித்துவிடுவார். புகை குடித்தது தண்டம்.

புகையில் என்ன இருக்கு?

தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியே வருகிறது. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் பட்டதும் அமிலமாகிவிடும். மூக்கு எரிவது அதனால்தான்.

இது உடனே தெரிகிற கெடுதல். தெரியாமல் உள்ளே போகிற எமன் வேறு. அதன் பெயர் டையாக்சின்.

குளோரினும் கரியும் அரைகுறை சூட்டில் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் உண்டாகும். பக்கத்தில் காப்பர் இருந்தால் அது இன்னும் வேகமாக உண்டாகும். வயர் குவியலில் மூன்றும் ஒரே இடத்தில்! டையாக்சின் வர வேண்டும் என்றே சமைத்தது போல.

டையாக்சின் வகையிலேயே மோசமான ஒன்றை 1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் சேர்த்தது. உடம்பில் கொழுப்பில் போய் தங்கிவிடும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 வருடம் ஆகும். தாய்ப்பால் வழியாக குழந்தைக்கும் போகும்.

பழைய பி.வி.சி. வயரில் ஈயமும் உண்டு. சூட்டைத் தாங்குவதற்காக உறையில் ஈய உப்பு கலப்பது வழக்கமாக இருந்தது. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் வரும். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

புகை காற்றில் கலைந்து போகும். சாம்பல் எங்கே போகும்? அங்கேயே கிடக்கும். மழை வந்தால் கால்வாயில் இறங்கும். வெயிலில் காய்ந்தால் தூசியாகப் பறக்கும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கோழி மேய்கிறது.

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களில் மின்னணுக் கழிவு உடைக்கும் இடங்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் மண்ணை எடுத்து சோதித்த ஆய்வு 2018-ல் வெளியானது. டையாக்சின் வகை விஷங்கள் அந்த மண்ணில் இருப்பது அதில் தெரிய வந்தது.

போகி புகையில் 2018 ஜனவரி 13-ந்தேதி சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது. ஊரே பேசியது. வருடத்தில் ஒரு நாள் புகைக்கு அவ்வளவு பேச்சு. வயர் புகைக்கு நாள் கிழமை கிடையாது. விமானமும் நிற்பதில்லை. அதனால் பேச்சும் இல்லை.

ஒரு முட்டையில் 220 மடங்கு!

கோழி மேய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் பதில் இருக்கிறது.

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்பொக்புளோஷி என்ற இடம். உலகம் முழுக்க போட்டோவில் பார்த்த வயர் எரிக்கும் மைதானம் அதுதான். அங்கே மேய்ந்த கோழியின் முட்டைகளை எடுத்து சோதித்த அறிக்கை 2019-ல் வெளியானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் டையாக்சின் வரம்பைவிட 220 மடங்கு, ஒரே ஒரு முட்டையில்!

அதே ஊரில் இன்னொரு பாடமும் இருக்கிறது.

எரிப்பை நிறுத்த 2014-ல் அங்கே வயர் உரிக்கும் மெஷின்களைக் கொண்டு வந்து வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். தடி வயர் மெஷினில் ஏறியது. மெல்லிசு வயர் ஏறவில்லை. அது வழக்கம்போல நெருப்புக்கே போனது. 2021 ஜூலையில் அரசாங்கம் புல்டோசர் விட்டு அந்த இடத்தையே காலி செய்தது. எரிப்பு நின்றதா? அக்கம்பக்கத்து இடங்களுக்கு நகர்ந்தது.

வடசென்னையில் ஒரு மூலையில் விரட்டினால் இன்னொரு மூலையில் புகை வருவதும் இதே கதைதான்.

மெஷின் உண்டு, கைக்கு எட்டவில்லை

மெல்லிசு வயருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பெயர் கிரானுலேட்டர்.

இது உரிக்காது, நறுக்கும். மூட்டை வயரைக் கொட்டினால் முதல் கத்தி துண்டு துண்டாக்கும். அடுத்த கத்தி அரிசிக் குருணை அளவுக்கு பொடியாக்கும். நடுவில் காந்தம் இரும்பை இழுத்துக் கொள்ளும். இந்தப் பொடி, ஆடுகிற ஒரு சல்லடை மேஜையில் விழும். கீழே இருந்து காற்று ஊதும்.

அப்புறம் நடப்பது நம்ம ஊர் முறத்து வேலைதான். அரிசி நிற்கும், உமி பறக்கும். காப்பர் தண்ணீரைப் போல 9 மடங்கு கனம். பி.வி.சி. ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆகவே காப்பர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் வழிந்து கொட்டும். நெருப்பு கிடையாது, பச்சை சுடர் கிடையாது. காப்பரும் கருக்காது.

குறையே இல்லையா? இருக்கிறது. தலைமுடி இழை ஒன்றோடு ஒன்று சிக்கி உருண்டையாகி பிளாஸ்டிக்கோடு போய்விடும். ஜெல்லி அடைத்த பழைய டெலிபோன் கேபிளைப் போட்டால் பிசுபிசுப்பு சல்லடையை அடைத்துவிடும். தூசி பறக்கும். அதில் ஈயம் இருக்கும் என்பதால் தூசி பிடிக்கும் பை கட்டாயம் வேண்டும். காற்றுக்குப் பதிலாக தண்ணீர் விட்டு பிரிக்கும் மெஷினும் உண்டு. அதில் தூசி இல்லை, ஆனால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

பிரிந்து வந்த பிளாஸ்டிக்கையும் காசாக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாலிஎத்திலீன் மிதக்கும், பி.வி.சி. முழுகும். பி.வி.சி.யை மறுபடி உருக்கி செருப்பு அடி, தரை விரிப்பு மாதிரி பொருள் செய்யலாம். பழைய வயரில் ஈயம் இருக்கும் என்பதால் பொம்மைக்கோ, சாப்பாட்டு சாமானுக்கோ அதை அண்டவிடக் கூடாது. பெரிய மின்சார கேபிளில் இருக்கும் ஒரு வகை உறை மட்டும் எதற்கும் மசியாது. எவ்வளவு சூடு பண்ணினாலும் உருகி மறுவார்ப்புக்கு வராத ரகம் அது.

இந்த மெஷின் லட்சக்கணக்கில் விலை. மும்முனை மின்சாரம் வேண்டும். இடம் வேண்டும். தினமும் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். தள்ளுவண்டியில் நாளைக்கு 2 கிலோ வயர் பொறுக்குகிறவருக்கு இது ஆகாத கதை. பத்துக்குப் பத்து காயலான் கடைக்கும் ஆகாது. நூறு கடையின் மெல்லிசு வயர் ஒரே ஷெட்டுக்கு வந்தால் ஆகும்.

சட்டத்தில் அவர் எங்கே?

சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை.

திறந்த வெளியில் குப்பை எரித்தால் ரூ.5 ஆயிரம், மொத்தமாக எரித்தால் ரூ.25 ஆயிரம் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. டையாக்சின் போன்ற விஷங்களை ஒழிக்க ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், காப்பர் கேபிள் எரிப்பு பெயர் சொல்லியே பட்டியலில் இருக்கிறது. இந்தியா 2006-ல் அதை ஏற்றுக் கொண்டது.

2016-ல் வந்த அபாயகரமான கழிவு விதிகளின் பட்டியலில் உறை போட்ட காப்பர் வயர், ஜெல்லி கேபிள் இரண்டும் உண்டு. அதாவது காப்பர் எடுக்க வேண்டுமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். குடிசை ஓரத்தில் பிளேடு வைத்து உரிக்கிறவர் கண்ணியமாகத்தான் வேலை செய்கிறார். எரிக்கவில்லை, புகைக்கவில்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாத வகையில் அவரும் எரிக்கிறவரும் ஒரே தட்டு. இது சரியா என்று யோசிக்க வேண்டாமா?

மின்னணுக் கழிவுக்கு 2022-ல் புது விதி போட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 106 வகை சாமான்கள் அதில் வருகின்றன. பொருள் தயாரிக்கிற கம்பெனி, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கி கணக்கு காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் சேகரிப்பு மையமும் இல்லை, உடைப்பவரும் இல்லை. தெருவில் பொறுக்குகிறவர் எந்தப் பட்டியலில் வருவார்?

2024 அக்டோபர் 10-ந்தேதி முதல் இன்னொன்று. பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வாங்குகிறவரே கட்ட வேண்டும். பின்னால் கழித்துக் கொள்ளலாம் என்றாலும் முதலில் கைக்காசு போட வேண்டும். அந்தச் சுமையை யார் தலையில் இறக்குவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பர், அலுமினியம், துத்தநாகக் கழிவுக்கும் கம்பெனிகளே பொறுப்பு என்று மத்திய அரசு 2025 ஜூலையில் விதி வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று தேதி குறித்தது. 2026-27-ல் 10 சதவீதம், படிப்படியாக ஏறி 2032-33-ல் 75 சதவீதம் மறுசுழற்சி நடக்க வேண்டும் என்பது இலக்கு.

75 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் கழிவு எங்கே இருக்கிறது? காயலான் கடையில், தள்ளுவண்டியில், சாக்கு மூட்டையில்! கம்பெனிகள் சான்றிதழுக்கு கொடுக்கும் காசில் ஒரு பங்கு கீழே இறங்கி, எரிக்காத மெல்லிசு வயருக்கு கிலோவுக்கு இவ்வளவு என்று தெருமுனையில் விலை கிடைத்தால், யாரும் மண்ணெண்ணெய் வாங்கப் போவதில்லை. சுட்டு எடுத்தால் கிடைப்பதைவிட ஒரு ரூபாய் கூட கிடைத்தாலே போதும்.

எரித்தால் அடையாளம் அழியும்

எல்லாரையும் பாவம் பார்க்கவும் முடியாது. எரிப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு.

வயர் உறையில் கம்பெனி பெயர், அளவு, முத்திரை எல்லாம் அச்சடித்திருக்கும். ரெயில்வே கேபிளோ, பி.எஸ்.என்.எல். கேபிளோ, மின்வாரிய வயரோ, யார் வீட்டு சொத்து என்று பார்த்தாலே தெரியும். எரித்துவிட்டால் எல்லாம் ஒரே கருப்பு. திருட்டு வயர் வீட்டு வயரோடு கலந்துவிடும்.

ரெயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருந்தால் 1966-ம் வருட சட்டப்படி முதல் தடவையே 5 வருடம் வரை ஜெயில். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 3 வருடம் வரை. மாட்டுவது பெரும்பாலும் சின்ன கடைக்காரர்தான்.

எரிக்காத வயரை, யாரிடம் வாங்கினோம் என்ற சீட்டோடு வாங்கும் ஒரு ஷெட் இருந்தால் திருட்டு வயருக்கு அங்கே இடம் இருக்காது. புகைக்கும் திருட்டுக்கும் ஒரே இடத்தில் கடிவாளம் போடலாம். போலீசுக்கும் இதில் லாபம்தான்.

உலகம் முழுக்க 2022-ல் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாக கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் பெரும்பகுதி ஏழை நாடுகளில் எங்கோ ஒரு கைக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, முறைசாராக் கழிவுத் தொழிலில் மட்டும் 1 கோடியே 29 லட்சம் பெண்கள் வரை இருக்கலாம். இவர்களில் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களுக்கு ஆபத்து இரண்டு உயிருக்கு.

வீட்டில் பழைய வயர் இருக்கா?

வயரிங் மாற்றும்போது பழைய வயரை எலக்ட்ரீசியனிடமே விட்டுவிடுவது வழக்கம். இரண்டு படுக்கை அறை வீட்டில் 5, 6 காயில் பழைய வயர் இறங்கினால், 1 சதுர மில்லி கணக்கில் மட்டுமே 4 முதல் 5 கிலோ காப்பர். கொடுக்கிறவர், 'எரிக்காம உரிச்சு எடுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வீட்டு வயர் உரிபடுகிற ரகம்தான். உரித்தால் அவருக்கும் விலை கூட.

சார்ஜர், இயர்போன் வயரை குப்பைத் தொட்டியில் போட்டால் அது நேராக மெல்லிசு வயர் மூட்டைக்குத்தான் போகும். ஒரு பையில் சேர்த்து வைத்து, பழைய போன், கம்ப்யூட்டர் கொடுக்கும்போது அதோடு சேர்த்து பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்கலாம். அந்த நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது.